குழலியின் நோட்டைத் திறந்தவன் எழுதிக்கொள்வது

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
வெள்ளிக்கிழமை, காலை டிபன் ஆன பிறகு

கர்த்தருக்குள் பிரியமான என் மகள் சத்யப்ரியாவுக்கு,

உன் சித்தப்பா ராஜகோபால் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் சித்தி ஏலவார்குழலியும் தறியும் தறிக்குழியில் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிற தவளையும் ஆண்டவர் கிருபையால் சுகம். அங்கே அயர்லாந்தில் நீயும் மாப்பிள்ளை விமல்ராஜும் குளிரில் விறைக்காமல் சுகமாயிருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டால் என் நெஞ்சு இன்னும் இரண்டு அங்குலம் விரியும், இப்போதே சட்டைப் பட்டன் போட முடியவில்லை. காகிதத்தில் கடிதம் வருகிறதே, சித்தப்பாவுக்கு என்ன ஆச்சோ என்று பயப்படாதே. போனில் பேசலாம்தான், ஆனால் நான் போனில் பேசினால் திருப்பருத்திக்குன்றத்தில் மாடு மிரள்கிறது, மாகறலில் தொட்டில் குழந்தை எழுந்து உட்காருகிறது, அது உனக்கே தெரியும். இது தெரு கேட்கக்கூடாத விஷயம். அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன் சத்யாம்மா. நீ சித்தியிடம் சொல்லி என்னிடம் சொல்லாமல் வைத்திருந்த நல்ல செய்தி எனக்குத் தெரிந்துவிட்டது. சித்தி சொல்லவில்லை, அவள்மேல் கோபித்துக்கொள்ளாதே. நான்தான் அவளுடைய ஜெப நோட்டைத் திருட்டுத்தனமாகத் திறந்து படித்தேன். படித்து இன்றோடு இருபத்தொரு நாள். அவளைத் தவிர, அதுவும் நேற்றுத்தான், ஒருத்தரிடமும் நான் வாய் திறக்கவில்லை. இதை நீ நம்புவாயா மாட்டாயா என்பதுதான் எனக்கு இப்போது இருக்கிற ஒரே கவலை.

போன கிறிஸ்துமஸுக்கு நீ இரண்டு நோட்டு அனுப்பினாய் அல்லவா, சித்திக்கு நீலம், எனக்குப் பச்சை. தினம் மூன்று வரி எழுதுங்கள், என்ன ஜெபித்தீர்கள், படித்த வசனம் மனசை என்ன பண்ணிற்று, உள்ளே என்ன ஓடுகிறது, அவ்வளவுதான், ஆனால் ஒரு நாளும் விடக்கூடாது, வாரத்துக்கு ஒரு தடவை பழைய பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவேண்டும் என்று சொன்னாய். நான் ஜனவரி ஒன்றாம் தேதி எழுதினதை உனக்குச் சொல்லியே ஆகவேண்டும். இன்று நான்கு மணி நேரம் முழங்காலில் நின்றேன், பரலோகத்தின் நிலைக்கதவு ஆடியது, என்று எழுதினேன். எழுதி முடித்து நிமிர்ந்தால் கைதட்ட ஆளில்லை. வாயைப் பிளக்கவும் ஆளில்லை. எழுதினது எழுதினபடி கிடந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒரு வாரம் கழித்து நீ சொன்னபடி திருப்பிப் பார்த்தேன், காது சூடாகிவிட்டது, நான்கு மணி நேரத்தை அடித்துவிட்டுப் பதினோரு நிமிடம், அதில் நாலு நிமிடம் கொசு அடித்தேன், என்று எழுதினேன். நிலைக்கதவையும் அடித்தேன். என் ஆயுளில் நான் என்னையே திருத்தினது அதுதான் முதல் தடவை, வலது கை வலித்தது. அதிலிருந்து ஜூன் மாதம் வரை என் நோட்டில் எழுத்தைவிட அடித்தல்தான் அதிகம்.

உன் சித்தி அப்படியா. விடியற்காலை ஐந்து மணிக்குத் தறிக்குப் பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்தாளானால் நாற்பது நிமிடம், ஒரு அசைவு கிடையாது, ஒரு சத்தம் கிடையாது. அதே பாயில் பக்கத்தில் உட்கார்ந்து நானும் கண்ணை மூடினால், மோட்டார் போட்டோமா, கேஸ் எப்போது தீரும், வேலாயுதத்தின் ஷேர் ஆட்டோவுக்கு எப்.சி. முடிந்துவிட்டதா என்று ஊர் கவலையெல்லாம் வரிசை கட்டி வருகிறது. அவள் நீல நோட்டு ஏப்ரலிலேயே தீர்ந்து அதே நீலத்தில் இரண்டாவது வாங்கினாள். என் பச்சை நோட்டு ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தவன் மாதிரி இளைத்துக் கிடந்தது. அதாவது போகட்டும், எழுதும்போது சில சமயம் சிரிக்கிறாள் சத்யாம்மா, வாய்க்குள்ளேயே. முப்பத்திரண்டு வருஷமாக நான் குட்டிக்கரணம் போட்டும் அவளிடம் அந்தச் சிரிப்பை வாங்கியதில்லை. எனக்கு எரிந்தது. ஆண்டவர்மேலேயே பொறாமைப்பட்ட முதல் நெசவாளி உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். என்னிடம் பேசாததையெல்லாம் அங்கே பேசுகிறாளே, அப்படி என்ன பேசுகிறாள் என்று பொருமிக்கொண்டே தறியில் நாடா தள்ளினேன்.

நாங்கள் எப்படி நெய்கிறோம் என்று உனக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை, நான் குழியில் உட்கார்ந்து புடவை உடம்புக்கு நாடா தள்ளினால், அவள் வலப்பக்கம் உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ளவேண்டும், உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம், இரண்டும் சேருகிற இடத்தில் ஒரு ஊடை, ஒரே ஒரு குறுக்கு இழை, தப்பினாலும் பட்டு காட்டிக்கொடுத்துவிடும். குழலி தப்பினதே கிடையாது. அவள் கை தப்பினால் காமாட்சியம்மன் கோயில் தேர் பின்னால் நகரும் என்று நானே ஊருக்குச் சொல்லி வைத்திருந்தேன். அப்படிப்பட்டவள் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் ஒரு ஊடையை விட்டாள். வெறும் கோபத்தில், நெய்து சுருட்டியிருந்ததை விரித்துப் பார்த்தேன். இன்னும் இரண்டு இடம். நான் பேசிக்கொண்டிருந்திருப்பேன், கவனிக்கவில்லை. எந்தப் புட்டா எந்த நாள் நெய்தது என்று தறிக்காரனுக்குத் தெரியாதா, இந்த இடத்தில்தான் வேலாயுதம் வந்து ஐயம்பேட்டை சண்டையைச் சொன்னான், அன்றைக்கு வியாழன், அந்த இடத்தில்தான் கரண்ட் போயிற்று, அதுவும் வியாழன். வியாழக்கிழமைதான் நீ சித்திக்குப் போன் பண்ணுகிற நாள், அவள் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போகிற நாள். முன்னெல்லாம் என் பக்கத்தில் உட்கார்ந்துதானே பேசுவாள், ஸ்பீக்கரில் போட்டு நான்தானே முக்கால்வாசி பேசுவேன். மறுநாள் வெள்ளிக்கிழமை அவள் உபவாச ஜெபத்துக்குப் போனாள். நீல நோட்டு அரிசி டின்மேல் இருந்தது. பாவி நான் எடுத்துவிட்டேன்.

என்னைப் பற்றிப் புகார்தான் இருக்கும் என்று நினைத்தேன், குறைந்தது நாற்பது பக்கம். கல்யாண ஆல்பத்தில் தன் முகத்தைத் தேடுகிறவன் மாதிரி என் பெயரைத் தேடினேன். இல்லை. பக்கம் பக்கமாக நீதான் இருந்தாய். சத்யாவுக்கு ஆறு வாரம், ஸ்தோத்திரம். ஏழு வாரம், வாந்தி, ஸ்தோத்திரம். பதினோராம் வாரத்தில் மட்டும் ஏழு நாளும் ஒரே வரி, ஆண்டவரே இந்த வாரம் கடக்கட்டும், இந்த வாரம் கடக்கட்டும். சந்தோஷத்தில் முதல் பக்கத்துக்கே திரும்பிப் போய் மறுபடி படித்தேன். அப்புறம் பன்னிரண்டாம் வாரத்தில் என்னைக் கண்டுபிடித்தேன். அவரிடம் சொல்லலாமா என்று சத்யாவைக் கேட்டேன், வேண்டாம் சித்தி என்றாள், என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நாடா தள்ள முடியவில்லை ஆண்டவரே, என்று இருந்தது.

வேண்டாம் சித்தி. இரண்டே வார்த்தை. நான் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்துவிட்டேன். அப்பா அம்மா இரண்டு பேரும் போன பிறகு நாலு வயசில் என் தோளில் ஏறினவள், பல் விழுந்தால் முதலில் என்னிடம் காட்டினவள், நர்சிங் சீட் கிடைத்ததைச் சொல்ல பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓடியே வந்தவள், அவளுக்குச் சித்திதான் வேண்டும், நான் வேண்டாமா என்று எனக்கு வந்த பொறாமையை ஒரு வண்டியில் ஏற்றினால் செங்கல்பட்டு வரை அச்சு முறியாமல் போகாது. சித்திமேல் பொறாமை, நீல நோட்டுமேல் பொறாமை, எனக்கு முன்னால் ஏழு வாரமாகத் தெரிந்து வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவர் மாதிரி என் பதினோரு நிமிட ஜெபத்தைக் கேட்டுக்கொண்டிருந்த ஆண்டவர்மேலும் பொறாமை. கோபத்தோடு என் பச்சை நோட்டை எடுத்து, என்னிடம் ஏன் சொல்லவில்லை, என்று பெரிய எழுத்தில் எழுதினேன். எழுதினால் நோட்டு சும்மா இருக்குமா, பார்க்கிறதே. அதற்குப் பதிலும் நானே எழுதவேண்டியதாயிற்று.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ என்னிடம்தான் முதலில் சொன்னாய். ஏழாவது வாரம். யாரிடமும் சொல்லாதீங்க சித்தப்பா என்றுதான் சொன்னாய். நான் அந்த ஞாயிற்றுக்கிழமையே சபையில் சாட்சி சொல்ல எழுந்து, ஆண்டவர் எங்கள் வீட்டை நினைத்தருளினார், ஒன்றுக்கு இரண்டாகத் தரப்போகிறார் என்று அரை மணி நேரம் முழங்கினேன். இரட்டைப் பிள்ளை என்று யார் சொன்னது, யாரும் சொல்லவில்லை, பேச்சு வாக்கில் வந்துவிட்டது. அது போதாதென்று, புடவை முடிந்த பாவு நூலின் மிச்சத்தில், சபையில் குழந்தைப் பிரதிஷ்டைக்கு என்று வெள்ளையில் ஒரு சின்னத் துண்டு நெய்து, நாலு மூலையிலும் ஜரிகைப் புறா வைத்து, தெரு தெருவாகக் கொண்டுபோய்க் காட்டினேன். பதினோராம் வாரம் அது கலைந்து போயிற்று. உன் போனில் சபை முழுக்க வந்து அழுதது, நீ எதைச் சாப்பிட்டிருக்கக்கூடாது என்று ஐந்து அம்மாக்கள் வாய்ஸ் மெசேஜ் போட்டார்கள். நீ எனக்குப் போன் பண்ணி ஒன்றே ஒன்று சொன்னாய். எனக்கு அழறதுக்குக்கூட ஒரு இடம் விடலியே சித்தப்பா என்றாய். அதை நான் சித்தியிடம்கூடச் சொன்னதில்லை, உலகத்தில் நான் ஒருத்தரிடமும் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் அது ஒன்றுதான். நீல நோட்டைப் படித்த அன்றைக்குத்தான் என் நோட்டில் அதை எழுதினேன். அடிக்கவில்லை.

அப்புறம் ஆரம்பித்தது என் மௌன யுத்தம். நீ சிரிப்பாய், ஆனால் ஒரு செய்தி வயிற்றுக்குள் இருந்தால் எனக்கு மூச்சு முட்டும், சோறு இறங்காது. முதல் நாலு நாள், ஊர்க்கதை பேசுகிற மாவு மில் பக்கமே போகவில்லை. ஜெபம் என்று உட்கார்ந்தால் இரண்டே விஷயம்தான் வந்தது, பிள்ளையைக் காப்பாற்றும், என் வாயைக் காப்பாற்றும். வேறு கவலை எதுவும் அந்தப் பாய்க்கு வரவில்லை, மோட்டார்கூட வரவில்லை. ஒரு நாள் முடிந்து கடிகாரத்தைப் பார்த்தால் இருபத்தாறு நிமிடம், நானே நம்பாமல் கைக்கடிகாரத்தையும் பார்த்தேன். நோட்டில் தினம் வாரக் கணக்கும், இன்று சொல்லவில்லை என்று ஒரு வரியும். பக்கத்தில் உன் சித்தி ஒன்றும் தெரியாதவள் மாதிரி கரைக்கு நாடா தள்ளுகிறாள், நானும் ஒன்றும் தெரியாதவன் மாதிரி உடம்புக்குத் தள்ளுகிறேன்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் வசந்த், சாட்சி சொல்கிறவர்கள் சொல்லலாம் என்றார். என் முழங்கால் தானாக எழுந்துவிட்டது, நான் பொறுப்பில்லை. நான் எழுந்ததைப் பார்த்து ஜனங்கள் சாய்ந்து வசதியாக உட்கார்ந்தார்கள், ஒரு அம்மா பிள்ளைக்கு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தே கொடுத்துவிட்டாள். ஆண்டவர் நல்லவர், என்றேன். உட்கார்ந்துவிட்டேன். வெளியே வந்ததும் வேலாயுதம் பிடித்துக்கொண்டான், இன்னாபா ராஜகோபாலு, ரெண்டு வாரமா வாய மூடிக்கினு கீறே, உடம்பு கிடம்பு சரியில்லியா, ஸ்கேன் எதுனா எடுத்தியா என்று. எனக்கு ஒன்றுமில்லை என்றேன். ஒன்றுமில்லைன்னு ஒத்த வார்த்தைல சொல்றான் பாரு, அப்போ எதோ பெரிய வியாதிதான் என்று அவன் போய்ப் பாஸ்டரிடம் சொல்லியிருக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை ஜெபக் குறிப்பு வாசிக்கும்போது, சகோதரர் ராஜகோபால் அவர்களின் தொண்டை சுகத்துக்காக, என்று என்னையே வாசித்துவிட்டார்கள். முன்னால் கூப்பிட்டு முழங்காலில் நிறுத்தி, பாஸ்டர், வேலாயுதம், இன்னும் ஏழெட்டுப் பேர் என் தலைமேல் கைவைத்து, இவருடைய வாயை மறுபடி திறந்தருளும் ஆண்டவரே என்று கண்ணீரோடு கேட்கிறார்கள். நான் கீழே இருந்துகொண்டு, ஐயோ ஆண்டவரே, இதை மட்டும் கேட்டுவிடாதேயும் என்று எதிர் ஜெபம் பண்ணினேன். வீட்டுக்கு வந்து சித்தி என்னை ஒரு மாதிரி பார்த்தாள், தொண்டையில இன்னாங்க என்றாள், பதில் சொல்லாததால் மூன்று நாள் மிளகும் மஞ்சளும் போட்ட பாலைக் குடித்தேன். நோட்டைத் திருடினதற்கு அந்தத் தண்டனை போதாது என்று நினைத்துக்கொண்டே குடித்தேன்.

நேற்று வியாழன். நீ போன் பண்ணினாய், அவள் மாடிக்குப் போனாள், இறங்கி வந்து உட்கார்ந்தாள், கால் மணி நேரத்தில் ஒரு ஊடை தப்பிற்று. மற்ற நாளாயிருந்தால் நான் போட்ட சத்தத்தில் கூரையில் இருக்கிற காக்கை வேறு ஊருக்குப் போயிருக்கும். நான் நாடாவை வைத்தேன். தப்பின இடத்தைப் பிரித்துக்கொண்டே, தலை நிமிராமல், பதினாறு வாரமா என்று கேட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, முதலில் வாசலைத்தான் பார்த்தாள், தெரு முழுக்கப் பூ பழத்தோடு வந்து நிற்கிறதோ என்று. அப்புறம், படிச்சிட்டீங்களா என்றாள். படித்தேன் என்றேன். யார் யாருக்குச் சொன்னீங்க, பாஸ்டருக்கா, வேலாயுதம் அண்ணனுக்கா, மாவு மில்லுக்கா என்றாள். யாருக்கும் இல்லை என்றேன். தறில உக்காந்துக்கினு பொய் சொல்லாதீங்க என்றாள். எனக்குச் சத்தியம் பண்ணத் தோன்றவில்லை, என் சத்தியத்துக்கு இந்த வீட்டில் என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியும். எழுந்துபோய்ப் பச்சை நோட்டைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டேன். படித்தாள். மெதுவாகத்தான் படித்தாள், நீ போனில் என்னிடம் சொன்ன அந்த வரியையும் படித்தாள், அதில் வெகுநேரம் நின்றாள். கடைசியில் மூடிவிட்டு, மூணு வாரமா பக்கத்துல பக்கத்துல உக்காந்துக்கினு ஒரே ஜெபத்த ரெண்டு பேரும் திருட்டுத்தனமா பண்ணிக்கினு இருந்தோமா என்றாள். சிரித்தாளா அழுதாளா என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சத்யாகிட்ட நீங்களே சொல்லுங்க, போன் வேணாம், எழுதுங்க, பெருசு பண்ணாம எழுதுங்க என்றாள். அங்கங்கே கொஞ்சம் பெருசாகிவிட்டது, மன்னித்துக்கொள், தேர், வண்டி அச்சு, காக்கை மூன்றும் சேர்த்தது, மற்றது நிஜம்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்பாய். நேற்று சாயங்காலம் பொறாமை போயிற்று என்று எழுதினேன், இன்று காலையில் அதை அடித்துவிட்டு, இருக்கிறது, ஆனாலும் ஜெபிக்கிறேன், என்று எழுதினேன். ஏன் என்றால் நேற்று அவள் நீல நோட்டில் இரண்டு பக்கம் எழுதினாள், எழுதும்போது அந்தச் சிரிப்பு மறுபடி வந்தது, அதில் நான் இருப்பேன் என்று என் மனசு சொல்கிறது. இப்போது அவள் உபவாச ஜெபத்துக்குப் போயிருக்கிறாள், நோட்டு அரிசி டின்மேல்தான் இருக்கிறது, ஒளித்துக்கூட வைக்கவில்லை. இந்த நாற்காலியிலிருந்து நாலு அடி. என் கையில் பேனா இருப்பதால் தப்பித்தேன். நான் எடுக்கவில்லை சத்யாம்மா.

இனி நீ செய்யவேண்டியது ஒன்றுமில்லை. இதற்குப் பதில் எழுதவேண்டாம், சித்தப்பா பாவம் என்று அவசரப்பட்டு எனக்குப் போன் பண்ணவும் வேண்டாம். வியாழக்கிழமை சித்தியோடு பேசு, அவள் மாடிக்கே போகட்டும், நான் தறியில் இருப்பேன். எப்போதாவது உனக்கே தோன்றினால், அது அடுத்த மாதமோ பிள்ளைக்குப் பல் முளைத்த பிறகோ, உன் வாயால் எனக்குச் சொல். தோன்றாவிட்டாலும் உன்மேல் எனக்கு வருத்தம் இருக்கும், கோபம் இருக்காது. வருத்தம் இருக்காது என்று எழுதினால் அதையும் அடிக்கவேண்டிவரும்.

நைட் ட்யூட்டியை மாற்றிக் கேள், அதிகாரி முகம் சுளித்தாலும் கேள். இரும்புச்சத்து மாத்திரையைக் காபியோடு விழுங்காதே. கனமான நோயாளியைத் தூக்க மாப்பிள்ளையின் பருமனில் இன்னொரு நர்ஸைக் கூப்பிடு. ஆண்டவர் உன்னையும் விமல்ராஜையும் உங்களோடு இருக்கிற மூன்றாவது ஆளையும் தம்முடைய செட்டைகளுக்குள் மூடிக் காப்பாராக, நீ போகையிலும் வருகையிலும் கூட இருப்பாராக. வருகிற வியாழக்கிழமை நான் பதினேழு என்று எழுதுவேன். பக்கத்தில் எழுத எனக்கு ஒரே ஜெபம்தான் இருக்கிறது, அதைப் பெருசு பண்ண எனக்கே தெரியவில்லை. பிள்ளை இருக்கட்டும்.

உன் சித்தப்பா
ராஜகோபால்